"வயசாச்சுல்ல..."னு விட்டுடாதீங்க! சர்க்கரை நோயாளிகளுக்கு நடை தடுமாறுவது ஏன்? வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. சன்னதியில் கண்மூடிக் கும்பிடும்போது பக்கத்தில் இருக்கும் தூணைக் கை தேடுகிறது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது, பத்தடி தள்ளிப் போன பிறகுதான் தெரிகிறது.

உங்கள் வீட்டில் பல வருஷமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் அப்பாவோ, அம்மாவோ, மாமியாரோ இப்படி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "வயசாச்சுல்ல... பாத்து நடங்க."

வயசும் ஒரு காரணம்தான், இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரை நோய் இருப்பவர் தடுமாறினால் அதற்குப் பின்னால் கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைச் சரிசெய்யவே முடியும். மற்றவற்றைச் சமாளித்து, விழாமல் வாழ வழி இருக்கிறது. அதைத்தான் இந்தத் தொகுப்பில் பார்க்கப்போகிறோம்.

இதற்கு மேற்கு மாம்பலத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். காலையில் ஆரிய கவுடா ரோட்டில் காய்கறி, சாயங்காலம் அயோத்யா மண்டபத்தில் உபன்யாசம், நடுவில் கோவில், பேங்க், ஸ்டேஷன் என எல்லாவற்றையும் நடந்தே முடித்துக்கொள்ளும் பெரியவர்கள் நிறைந்த பகுதி அது. அங்கே ஒருவருக்கு நடை போச்சு என்றால், அவருடைய நாளே போச்சு என்று அர்த்தம்.

சர்க்கரை நோய் ஹார்மோன் நோயா?

ஆமாம். நாம் அப்படி நினைப்பதில்லை, அவ்வளவுதான். "ஹார்மோன் பிரச்னை" என்றால் தைராய்டுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இன்சுலினும் ஒரு ஹார்மோன்தான். கணையம் அதைப் போதுமான அளவு சுரக்காததாலோ, சுரந்த இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாததாலோ ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் ஹார்மோன் கோளாறுகளில் நம் ஊரில் ரொம்பப் பரவலானது இதுதான்.

எவ்வளவு பரவல்? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. பெரியவர்களில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் இந்த விகிதம் 14.4 சதவீதம். அதாவது, ஏழு பேரில் ஒருவர்.

கண், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றைச் சர்க்கரை பாதிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நிற்பதையும் நடப்பதையும் பாதிக்கும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

விழாமல் நிற்பது எப்படி நடக்கிறது?

சும்மா நிற்பது சும்மா நடக்கும் வேலை இல்லை. நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நொடியும் மூளைக்கு மூன்று இடங்களில் இருந்து தகவல் போய்க்கொண்டே இருக்கிறது.

ஒன்று, கண். சுவர் நேராக இருக்கிறதா, தரை எங்கே இருக்கிறது என்று சொல்வது அதுதான்.

இரண்டு, உள்காது. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லும்.

மூன்று, கால். பாதத்தின் எந்த இடத்தில் எடை விழுகிறது, கணுக்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, தரை மேடா பள்ளமா என்பதையெல்லாம் பாதத்தின் தோல், தசை, மூட்டு ஆகியவற்றில் உள்ள நரம்புகள் சொல்கின்றன.

மூன்றையும் சேர்த்துப் பார்த்து மூளை தசைகளுக்குக் கட்டளை போடும். ஒன்றில் தகவல் குறைந்தால் மற்ற இரண்டும் ஈடுகட்டிவிடும். அதனால்தான் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. நீண்ட காலச் சர்க்கரை நோயில் மூன்றுமே அடிவாங்கக்கூடும் என்பதுதான் சிக்கல்.

முதல் அடி காலுக்கு

அதிகச் சர்க்கரை நரம்புகளையும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களையும் மெல்ல மெல்லச் சேதப்படுத்தும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதுகுத்தண்டில் இருந்து பாதம் வரை போகின்றன. நீளமானவைதான் முதலில் பாதிக்கப்படும். அதனால் பிரச்னை விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்டதுபோல மேலே ஏறும்.

சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' என்ற பெரிய ஆய்வு, சர்க்கரை நோயாளிகளில் 26.1 சதவீதம் பேருக்கு இந்த நரம்புப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரியவந்தவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருந்தது. அதாவது நோய் நமக்குத் தெரியும் முன்பே காலுக்குத் தெரிந்துவிடுகிறது.

என்ன அறிகுறி? சிலருக்கு ராத்திரியில் பாதம் எரியும், ஊசி குத்துவதுபோல இருக்கும். சிலருக்கு மரத்துப்போகும். "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு" என்பார்கள். பலருக்கு எந்த வலியும் இருக்காது. வலி இல்லாத இந்த மூன்றாவது வகைதான் ஏமாற்றும். கால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் மூளைக்குத் தகவல் போவது நின்றுகொண்டிருக்கும்.

கண்ணை மூடினால் ஏன் ஆடுகிறது?

காலில் இருந்து தகவல் குறையும்போது மூளை கண்ணை நம்பத் தொடங்குகிறது. இது நமக்கே தெரியாமல் நடக்கும். அந்தக் கண்ணையும் மூடிவிட்டால்? உள்காது மட்டும்தான் மிச்சம். உடம்பு ஆடும்.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் இதைக் கவனித்து எழுதினார். அவர் பார்த்தவர்கள் வேறொரு நரம்பு நோய் உள்ளவர்கள். காலைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னால் அவர்கள் சாய்ந்தார்கள். இன்றும் டாக்டர்கள் செய்யும் 'ரோம்பெர்க் பரிசோதனை' இதுதான். இதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.

நம் வீடுகளில் இந்தப் பரிசோதனை தினமும் தானாகவே நடக்கிறது. வாஷ்பேசின் முன் நின்று கண்ணை மூடி முகம் கழுவும்போது. தலைக்கு ஊற்றும்போது. கோவிலில் தீபாராதனை நேரத்தில் கண்மூடி நிற்கும்போது. கரன்ட் போன நேரத்தில் ஹாலில் இருந்து கிச்சனுக்குப் போகும்போது. இந்த இடங்களில் மட்டும் ஒருவர் தடுமாறுகிறார், வெளிச்சத்தில் நன்றாக நடக்கிறார் என்றால், சந்தேகப்பட வேண்டியது கால் நரம்புகளைத்தான்.

கண்ணும் காதும் தப்புமா?

தப்பாது. சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டாலோ கண்புரை வந்தாலோ, படியின் விளிம்பு, தரையின் ஈரம், நடைபாதையில் பெயர்ந்த கல் இவையெல்லாம் சரியாகத் தெரியாது. கால் சொல்லாததைக் கண் பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடும் உடைந்துபோகும். கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் சேர்த்துப் போடும் கண்ணாடியில் கீழே குனிந்து பார்த்தால் படி மங்கலாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்காதைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2009-ல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உள்காது தொடர்பான சமநிலைக் கோளாறு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 70 சதவீதம் அதிகம் எனத் தெரியவந்தது.

நிற்கும் தோரணையே மாறுவது ஏன்?

"அப்பா ஏன் இப்பல்லாம் குனிஞ்சே நடக்கறார்?" இந்தக் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

கால் தரையைச் சொல்லாததால் கண் தரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தலை குனிகிறது, முதுகு வளைகிறது. காலை அகட்டி வைத்து, சின்னச் சின்ன அடியாக, மெதுவாக நடப்பார்கள். இது விழாமல் இருக்க உடம்பு தானாகக் கண்டுபிடித்த உபாயம். ஆனால் தலை முன்னால் போகப்போக உடம்பின் எடையும் முன்னால் சாய்கிறது. கொஞ்சம் தடுக்கினாலும் சமாளிப்பது கஷ்டம்.

இரண்டாவது, மூட்டு இறுக்கம். நீண்ட காலம் சர்க்கரை அதிகமாக இருந்தால் மூட்டுகளைச் சுற்றியுள்ள திசுக்கள் விறைத்துப்போகும். இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிடச் சொல்லிப் பாருங்கள். உள்ளங்கையும் விரல்களும் முழுசாக ஒட்டாமல் நடுவில் இடைவெளி விழுந்தால், அது இந்த இறுக்கத்தின் அடையாளம். கையில் நடப்பது கணுக்காலிலும் நடக்கலாம். கணுக்கால் மடங்காவிட்டால், தடுக்கும்போது உடம்பைப் பின்னால் இழுத்து நிறுத்த முடியாது. தோள்பட்டை இறுகிப்போவதும் சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். கை வீசி நடக்க முடியாதபோது நடையின் தாளமும் கெடுகிறது.

மூன்றாவது, பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் நகம்போல மடங்கிக்கொள்வது. தரையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய விரல்கள் தரையைத் தொடாமல் நிற்கும்.

எழுந்ததும் கிறுகிறுப்பா? அது வேறு கணக்கு

தடுமாற்றம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், எப்போது வருகிறது என்பதை வைத்துக் காரணம் மாறும்.

படுக்கையில் இருந்து எழுந்ததும், அல்லது வாசலில் குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் நரம்புகளையும் சர்க்கரை பாதிக்கும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய பிரச்னை. உட்கார வைத்து மட்டும் பிபி பார்த்தால் இது தெரியாது. "நிக்க வச்சும் ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்று நீங்களே கேட்கலாம்.

சாப்பாடு தள்ளிப்போன நேரத்தில் வேர்வை, கை நடுக்கம், படபடப்போடு தடுமாற்றம் வருகிறதா? சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். இன்சுலினும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஏகாதசி, சஷ்டி, அமாவாசை என விரதம் இருந்துகொண்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது. விரதம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரையை எப்படி மாற்றிக்கொள்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

மாத்திரைகளே காரணமாக இருக்கலாமா? இருக்கலாம். தூக்க மாத்திரை, சில பிபி மாத்திரைகள், புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் தடுமாற்றத்தைக் கூட்டும். பாத எரிச்சலுக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின், காபாபென்டின் ஆகியவையும் தலைசுற்றல் தரலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று

மேற்கு மாம்பலம் போன்ற பகுதிகளுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

சர்க்கரைக்கு அதிகம் கொடுக்கப்படும் மாத்திரை மெட்ஃபார்மின். நல்ல மாத்திரைதான். ஆனால் பல வருஷம் தொடர்ந்து எடுத்தால் வைட்டமின் பி12 உடம்பில் சேர்வது குறையும். பி12 இயற்கையாகக் கிடைப்பது அசைவ உணவிலும் முட்டையிலும் பாலிலும்தான். காய்கறியிலும் பருப்பிலும் கிடையாது. சைவம் சாப்பிட்டு, பாலையும் குறைத்துக்கொண்டு, பத்து வருஷமாக மெட்ஃபார்மின் எடுப்பவருக்குப் பி12 குறைய இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது.

பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும், கண்ணை மூடினால் உடம்பு ஆடும். பார்ப்பதற்குச் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு மாதிரியே இருக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பி12 குறைபாட்டை மாத்திரையாலோ ஊசியாலோ சரிசெய்யலாம். ரொம்ப நாள் விட்டுவிட்டால்தான் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது. "சுகர்னால வந்தது, ஒண்ணும் பண்ண முடியாது" என்று முடிவு கட்டும் முன் இதைப் பார்த்துவிடுவது அவசியம்.

விழுந்தால் என்ன ஆகும்?

உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல். எலும்பு அடர்த்தி ஸ்கேனில் நார்மலாகத் தெரிந்தாலும், எலும்பின் தரம் குறைந்திருக்கும். அதனால் இடுப்பு எலும்பு முறியும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம்.

எலும்பு முறியாமல் தப்பித்தாலும் பயம் ஒட்டிக்கொள்கிறது. "எதுக்கு வம்பு" என்று வெளியே போவதை நிறுத்துகிறார்கள். நடக்காததால் தசை மெலிகிறது, சர்க்கரை ஏறுகிறது. மெலிந்த தசையால் மறுபடியும் தடுமாற்றம். "வெளியில போகாதீங்க, வீட்லயே இருங்க" என்று பிள்ளைகள் அக்கறையோடு சொல்லும் வார்த்தை, இந்தச் சுழலைத்தான் வேகப்படுத்துகிறது.

வேலூரில் கற்ற பாடம்

உணர்ச்சியில்லாத காலை எப்படிக் காப்பாற்றுவது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை, கால் விரல்கள் அழிவதைக் கவனித்தார். சதையை நோய் நேரடியாகத் தின்பதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று நிறுவினார். பிறகு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்கும் போனது.

இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பும் உணர்ச்சியில்லாத காலைக் காக்கும் அதே யோசனையில் வருவதுதான்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

கீழே உள்ளவை டாக்டரின் பரிசோதனைக்கு மாற்று இல்லை. ஆனால் டாக்டரிடம் போக வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும்.

1. விரல் தொடும் சோதனை: இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான முறை இது. பெரியவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். தொட்டது தெரிந்ததும் சொல்லச் சொல்லுங்கள். மொத்தம் ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

2. எழுந்து நடக்கும் சோதனை: நாற்காலியில் இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

டாக்டர் என்ன செய்வார்? நைலான் இழை ஒன்றால் பாதத்தில் பல இடங்களைத் தொட்டுப் பார்ப்பார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். சில நிமிஷ வேலை. சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு முறையாவது இது நடக்க வேண்டும். எச்.பி.ஏ.1.சி. பார்த்தால் மட்டும் போதாது, செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டியாக வேண்டும்.

வீட்டில் என்ன மாற்றலாம்?

ராத்திரியில் ஆரம்பிக்கலாம். சர்க்கரை கூடினால் சிறுநீர் அடிக்கடி வரும். ராத்திரி இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கும். தூக்கக் கலக்கம், இருட்டு, உணர்ச்சியில்லாத கால் மூன்றும் சேரும் நேரம் அது. மாம்பலத்துக் கொசுவுக்குக் கட்டிய வலையை விலக்கிக்கொண்டு இறங்கும்போதே கால் சிக்கிக்கொள்ளலாம். படுக்கையில் இருந்து பாத்ரூம் வரை எரியும் ஒரு சின்ன நைட் லேம்ப் போதும், கண்ணுக்கு வேலை கிடைத்துவிடும். எழுந்ததும் ஒரு நிமிஷம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள்.

பாத்ரூமில் சுவரோடு சேர்த்துப் பிடிமானக் கம்பி போடுங்கள். டவல் மாட்டும் கம்பி உடம்பு எடையைத் தாங்காது. உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், தரையில் வழுக்காத ரப்பர் மேட். வாசலில் கிடக்கும் பழைய துணிக் கால்மிதியை எடுத்துவிடுங்கள். தரையில் ஓடும் சார்ஜர் ஒயர், கால் தடுக்கும் நீளத்தில் கட்டிய வேட்டி, புடவை, நைட்டி எல்லாமே கவனிக்க வேண்டியவை.

வீட்டுக்குள்ளும் செருப்பு போடலாமா? போட வேண்டும். வெளியே போடும் செருப்பு இல்லை, வீட்டுக்கென்றே தனியாக ஒன்று. பின்பக்கம் வார் உள்ளதாக இருந்தால் கழன்று விழாது. ரொம்ப மெத்தென்று, கால் புதையும் அளவு கனமான ஸ்பாஞ்ச் இருந்தால் சமநிலை இன்னும் கெடும். அடிப்பாகம் உறுதியாகவும், காலைத் தொடும் பாகம் மெத்தென்றும் இருப்பதுதான் சரி.

கோவிலிலும் ஸ்டேஷனிலும்

கோவிலில் செருப்பு போட முடியாது. வெயில் ஏறிய பிரகாரக் கல்லின் சூடு, உணர்ச்சியில்லாத காலுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். காலை வேளையிலோ பொழுது சாய்ந்த பிறகோ போவது நல்லது. கால் விரிப்பு போட்ட பாதையில் நடக்கலாம். கண்மூடிக் கும்பிடும்போது தூணையோ கம்பியையோ பிடித்துக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் இரண்டு பாதங்களின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். குனிந்து பார்க்க முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.

தி.நகர் பக்கம் போக வேண்டுமா? மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே 16-ம் தேதி திறக்கப்பட்டது. சுமார் 570 மீட்டர் நீளம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமல் சமதளத்தில் நடக்க வசதி. ஏறி இறங்க எஸ்கலேட்டரைவிட லிஃப்ட் பாதுகாப்பானது. நகரும் படியில் கால் வைக்கும் அந்த ஒரு நொடிக்குத்தான் பாதத்தின் உணர்ச்சி அதிகம் தேவைப்படுகிறது.

கைத்தடி எடுக்கக் கூச்சப்பட வேண்டாம். தடி தரையைத் தொடும்போது கை வழியாக மூளைக்கு ஒரு தகவல் போகிறது. கால் சொல்லாததைக் கை சொல்லும்.

பயிற்சி செய்தால் பலன் உண்டா?

உண்டு. மரத்துப்போன நரம்பைப் பயிற்சியால் முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் தசை பலப்படும், இருக்கும் தகவலை வைத்துச் சமாளிக்க மூளை கற்றுக்கொள்ளும். வயதான சர்க்கரை நோயாளிகள் வாரத்தில் 2 முதல் 3 நாள் சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் பரிந்துரை. நடைப்பயிற்சி போவதோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

* நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, 10 முறை. முடியாவிட்டால் கை ஊன்றி ஆரம்பிக்கலாம்.

* சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, 10 முறை.

* மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் 10 நொடி நிற்பது. பிறகு அடுத்த கால்.

* அடிப்பிரதட்சிணம் மாதிரி, ஒரு காலின் குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்துச் சுவர் ஓரமாகப் பத்து அடி நடப்பது.

இவற்றைக் கண்ணைத் திறந்துகொண்டுதான் செய்ய வேண்டும். முதல் சில நாள் யாராவது கூட இருக்க வேண்டும். பாதத்தில் புண் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தால் நரம்புப் பாதிப்பு வருவது தள்ளிப்போகும். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 1993-ல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், தீவிரக் கட்டுப்பாட்டால் நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. நம்மிடம் அதிகம் உள்ள இரண்டாம் வகையில் பலன் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் உண்டு. வயதானவர்களுக்கு ரொம்ப இறுக்கிப் பிடித்தால் சர்க்கரை தாழ்ந்து, அதனாலேயே விழ நேரிடும். எந்த அளவு போதும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்கே போகலாம்?

முதலில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், அல்லது அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனித் துறை இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் இருந்து அதிக தூரம் இல்லாத கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், முதியோருக்கான தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிபி மாத்திரைகளோடு, தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. பலருக்கு இந்தக் கடைசி விஷயம் தெரிவதில்லை. உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். அரசின் மருத்துவ உதவி எண் 104.

தைராய்டு இருப்பவர்களுக்கும் இது வருமா?

வரலாம், ஆனால் வழி வேறு. தைராய்டு குறைவாகச் சுரந்தால் தசை பலவீனமும் மந்தமும் வரும், சிலருக்கு நடையும் தள்ளாடும். ஸ்டீராய்டு மாத்திரைகளை நீண்ட நாள் எடுப்பவர்களுக்குத் தொடைத் தசை மெலிந்து, உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுவதே கஷ்டமாகும், எலும்பும் தேயும். அட்ரீனல் சுரப்பி மந்தமானால் எழுந்ததும் பிபி இறங்கித் தலைசுற்றும். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால், காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

திடீரென்று ஒரு பக்கக் கை, கால் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, இவற்றோடு தடுமாற்றம் வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். விழுந்த பிறகு காலை ஊன்ற முடியவில்லை என்றாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ அப்படித்தான். வலி பெரிதாக இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், அதையும் அன்றைக்கே காட்ட வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் எலும்பு உடைந்தால்கூட அதிகம் வலிக்காது.

வேர்வையும் நடுக்கமுமாகச் சர்க்கரை தாழ்ந்ததுபோல இருந்தால் 3 டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றால்...

வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவரிடம் "கீழ விழுந்தீங்களா?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் "இல்லப்பா" என்றுதான் சொல்வார்கள். விழுந்ததைச் சொன்னால் வெளியே விடமாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அதற்குப் பதில், "முகம் கழுவும்போது ஆடற மாதிரி இருக்கா? செருப்பு கழண்டா தெரியுதா?" என்று கேளுங்கள். பிறகு அந்த ஆறு விரல்களைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

(இது பொதுவான விழிப்புணர்வுக்கான தொகுப்பு. மருந்திலோ சிகிச்சையிலோ எந்த மாற்றமும் உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படியே செய்யப்பட வேண்டும்.)